கூட்டச் சத்தம்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் எழுந்து நின்று கையை ஆட்டியபோது நான் தக்காளி விற்றுக்கொண்டிருந்தேன். என் இடப்பக்கம் ஒருவர் வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஒரு அம்மாள் காணாமல்போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தாள். தக்காளியும் கிடையாது, பிள்ளையும் கிடையாது. எட்டுப் பேர் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு, ஏசிக் குளிரில் ஒரே மைக்கைச் சுற்றி நின்று, ஒரு டிவி சீரியலின் சந்தைக் காட்சிக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். திரையில் கதாநாயகி நடப்பாள், அவளைச் சுற்றி நூறு வாய்கள் அசையும். அந்த நூறு வாய்க்கும் நாங்கள் எட்டுப் பேர்தான். கல்யாண வீடு, எழவு வீடு, கோர்ட்டு, பஸ் ஸ்டாண்ட் எதுவானாலும் ஆள் சேர்த்துக்கொண்டு வருவது என் வேலை. அதனால் ஸ்டுடியோவில் எனக்குப் பெயர் கூட்டக்காரி. கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படிப் போட்டு அனுப்பியவர்கள் உண்டு.

இந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம். அர்த்தமாக எதுவும் பேசக்கூடாது. கூட்டத்தில் யாராவது ஒருவன் "நாளைக்கு வரேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், பார்க்கிறவர்கள் மறுநாள் அவன் வருகிறானா என்று காத்திருப்பார்கள். ஆகவே வாய்க்கு வந்ததைப் பேசுவோம், பாதியில் விடுவோம், ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் ஏறிப் பேசுவோம். அவியல் மாதிரி எல்லாம் கலந்து எதுவும் தனியாகத் தெரியாமல் போனால் வேலை நன்றாக முடிந்தது என்று பொருள்.

டைரக்டர் சின்னப் பெண். முதல் சீரியல். எங்களை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, "அக்கா, உங்க தெருவுல காய் வாங்கப் போனா இப்படியா கேக்குது?" என்று கேட்டாள். அவள் வீட்டிலிருந்து கீரைக்காரி வரை போவதற்குள் நாலு பாஷை காதில் விழுகிறதாம். டிவியில் மட்டும் ஊரே ஒரு வயிற்றில் பிறந்த மாதிரி ஒரே தமிழ் பேசுகிறதாம். அவரவர் பாஷையில் பேசுகிற நிஜ ஆட்களைக் கூட்டிவரச் சொன்னாள். கதாநாயகி மூன்று நாளாக அழுதும் கண்மை கலையவில்லை, அதை விட்டுவிட்டுக் கூட்டச் சத்தத்தில் நிஜம் தேடுகிறாளே என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் சம்பளம் கொடுக்கிற இடத்தில் வாய் நீளக்கூடாது என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒரு பாஷை. எதிர்க் கட்டிடத்தில் இருக்கும் நர்ஸ் ஒரு பாஷை. எங்கள் மாடி வீட்டிலோ ஒரு குடும்பமே இருந்தது. அண்ணன் தம்பி இருவர், அவர்கள் மனைவிகள் இருவர். பெரியவள் வீட்டை ஆள்பவள். சின்னவள் துணிக்கடையில் வேலை பார்ப்பவள், கல்யாணமாகி நாலைந்து வருடம் இருக்கும். இருவரும் என்னிடம் தமிழில் பேசுவார்கள், தங்களுக்குள் அவர்கள் பாஷையில். அவர்கள் பேச்சு ராப்பகலாக என் கூரைவழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். சிரிப்பா சண்டையா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மழைச் சத்தம் மாதிரி அது ஒரு சத்தம், அவ்வளவுதான். என் தொழில் எனக்குள்ளேயே ஊறிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. சின்னவளை வருகிறாயா என்று கேட்டேன். கடைக்கு லீவு போட்டுவிட்டுச் சந்தோஷமாக வந்தாள்.

மைக்குக்கு முன்னால் நிறுத்தி, "உங்க பாஷையில எதை வேணா பேசுங்க" என்றால், நாளெல்லாம் பேசுகிறவர்களுக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடிகாரக்காரர் முழித்துவிட்டு வாய்ப்பாடு ஒப்பிக்க ஆரம்பித்தார். நர்ஸ் மாத்திரைப் பெயர்களைச் சொன்னாள். சின்னவள் மட்டும் என் காதருகே வந்து, நிஜமாகவே யாருக்கும் கேட்காதா என்று கேட்டாள். இருபது வருட அனுபவத்தில் சொல்கிறேன், பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பேசினாள் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. ஏறியது, இறங்கியது, ஒரு இடத்தில் சிரித்தது, ஒரு இடத்தில் உடைந்தது. கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இவளைப் போய்த் துணிக்கடையில் நிற்க வைத்திருக்கிறார்களே என்று பெருமையாகக்கூட இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சின்னவள் முகம் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தவள் முகம் மாதிரி இருந்தது. என்னதான் பேசினாய் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். "எங்க பெரியவங்களத் திட்டினேன்க்கா. வாழ்க்கையிலேயே முதல் தடவை." அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் வைத்த குழம்பை யாரும் வாயில் வைப்பதற்கு முன்பே பெரியவள் அதில் உப்புப் போடுவதை. அவள் மடித்து வைத்த துணியைப் பிரித்து மறுபடியும் மடிப்பதை. கதவைத் தட்டாமல் உள்ளே வருவதை. கடைசியாக, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளும் கணவனும் ஒரு வீடு பார்த்துப் பேசி முடித்திருப்பதை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை. அவள் கணவனின் அம்மா சிறு வயதிலேயே போய்விட்டாள். மணமாகி வந்த பெரியவள்தான் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி ஆளாக்கியவள். நேரம் பார்த்து நானே சொல்கிறேன் என்று அவன் சொல்லிச் சொல்லி ஆறு மாதம் ஓடிவிட்டது. "முறையா உக்காந்து சொல்லணும்க்கா. வேற யார் மூலமாவாவது காதுல விழுந்தா அண்ணன் தம்பி உறவே போயிடும். எங்க வீட்டுக்காரர் என்னை மன்னிக்கவே மாட்டார்" என்றாள். மைக்கில் சொன்னதில் பாதிப் பாரம் இறங்கிவிட்டது என்றும் சொன்னாள். நான் அவள் கையைத் தட்டிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் வேறு வேலையாக ஸ்டுடியோவுக்குப் போனேன். சத்தங்களைக் கலக்கும் மிக்ஸிங் தம்பி என்னைப் பார்த்ததும் உள்ளே இழுத்தான். "அக்கா, உங்க மாடி வீட்டுக்காரங்க குரல் எங்க வந்து நிக்குதுன்னு பாருங்க" என்று போட்டுக் காட்டினான். சந்தையின் நடுவில் கதாநாயகி நிற்கிறாள். வீட்டைவிட்டுப் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள். வசனம் கிடையாது, இசை கிடையாது. சந்தை இரைச்சல் மெல்ல அடங்குகிறது. வாய்ப்பாடு, மாத்திரை எல்லாம் எங்கேயோ போய்விடுகின்றன. கணீரென்று ஒரே ஒரு குரல், சின்னவளுடையது. கதாநாயகியின் கண்ணில் நீர் கட்டி நிற்கும்வரை அந்தக் குரல் பேசிக்கொண்டே இருக்கிறது. இந்தக் குரலில் என்ன ஒரு உணர்ச்சி என்று டைரக்டரே முன்னால் கொண்டுவரச் சொன்னாராம். அர்த்தம் தெரியாதே என்றதற்கு, அர்த்தம் எதற்கு என்றாராம்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குரலைக் குறை, வேறு யாரையாவது வைத்துக்கொள், நான் வேண்டுமானால் உன் காலில் விழுகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். அவன் பரிதாபமாகப் பார்த்தான். எபிசோட் காலையிலேயே சேனலுக்குப் போய்விட்டது. நாளை சாயங்காலம் ஒளிபரப்பு.

வீட்டுக்கு வந்ததும் படியேறிப் போய்ச் சின்னவளை மொட்டை மாடிக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். துணி காயப்போடும் சாக்கில் வந்தவள் ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் அந்த சீரியலை ஒருநாள் விடாமல் பார்ப்பவள். ஜுரம் வந்தாலும் போர்வையோடு வந்து உட்காருவாள். நாளைக்கு எப்படியாவது அவளைக் கோயில், கடை, டாக்டர் என்று வெளியே கூட்டிப் போய்விடலாம் என்றேன். சின்னவள் தலையை ஆட்டினாள். தன் குரல் டிவியில் வரப்போகிறது என்று போன வாரமே தேதியோடு வாயை விட்டுவிட்டாளாம். பெரியவள் பூரித்துப்போய், அவர்கள் பாஷைக்காரர்களில் எத்தனை சொந்தக்காரர்கள் இந்த ஊரில் இருக்கிறார்களோ அத்தனை பேரையும் நாளைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். நம் பாஷை டிவியில் வருவது இதுதான் முதல் தடவை, எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சொன்னாளாம். அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேனாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை இதுதான்.

என் வீட்டுக்காரர் ஃபியூஸைப் பிடுங்கிவிடலாம் என்று யோசனை சொன்னார். இந்தக் காலத்தில் ஃபியூஸைப் பிடுங்கினால் பத்துப் பேர் போனில் பார்ப்பார்கள், அதுவும் காதுக்குப் பக்கத்தில் வைத்து. மறுநாள் சாயங்காலம் நான் புடவை மாற்றிக்கொண்டு மேலே போனேன். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

கூடம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் பாய் விரித்து, பாய் போதாமல் ஜன்னல் கட்டையில்கூட ஏறி உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் டிவிக்கு நேர் எதிரே, மடிப்புக் கலையாத புடவையில். என்னை ஒரு பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அண்ணனும் தம்பியும் சுவரில் சாய்ந்து நின்றார்கள். சின்னவளின் முகத்தைப் பார்த்ததும் அவள் கணவனிடமும் சொல்லிவிட்டாள் என்று தெரிந்தது. அவன் நெற்றியில் வேர்வை. அவள் அடுப்படி வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஓடுவதற்கு வசதியாக.

அந்தக் கூடத்தில் அந்தப் பாஷை தெரியாதவள் நான் ஒருத்திதான். டிவியைப் பார்த்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று முகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தை வந்தது. கூட்டத்துக்கு நடுவே முதல் வார்த்தை வந்ததுமே கூடம் கொள்ளாத சந்தோஷம். கைதட்டினார்கள், சின்னவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவள் எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னாள். சந்தை அடங்கியது, குரல் தனியாக எழுந்தது. பெரியம்மாவின் புன்னகை அப்படியே இருந்தது, ஆனால் கண்கள் யோசிக்க ஆரம்பித்தன. ஜன்னல் கட்டையில் இருந்தவர் காலைக் கீழே விட்டார். அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி தரையைப் பார்த்தான். குரல் சிரிக்கிற இடம் வந்தது. உப்பு விஷயமாகத்தான் இருக்கும், நாலைந்து பெண்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்கள். குரல் உடைகிற இடம் வந்தது, யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.  எனக்கு அந்த நேரம் எழுந்து டிவியின்மேல் பாய்ந்து மூட வேண்டும் போலிருந்தது. இருபது வருடமாக யாருக்கும் புரியாமல் பேச ஆள் சேர்த்தவள், முதல்முறையாக ஒரு கூடமே புரிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பாவி மகளே, வாய்ப்பாடு ஒப்பித்திருக்கக்கூடாதா என்று மனசுக்குள் அழுதேன்.

விளம்பரம் வந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சோப்பு விளம்பரத்தில் ஒரு குழந்தை மட்டும் நுரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பெரியவளின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவள் திரும்பினாள். சாதாரணமாக, பக்கத்து வீட்டு விஷயம் சொல்கிற மாதிரி, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள்.  பிறகு கூடமே வெடித்துச் சிரித்தது. பெரியம்மா என் தொடையில் அடித்து அடித்துச் சிரித்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியம்மா சொன்னாள்: "இத்தன நாளா பாக்கறேன், இந்தக் கதாநாயகி மனசுக்குள்ள நம்ம பாஷையிலதான் பேசுறான்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதுங்கறா."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஆமாம், அவள் வீட்டைவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறாள் அல்லவா, அது அவள் மனசாட்சிதான் பேசுகிறது என்றார் ஜன்னல் கட்டைக்காரர். வசனம் எழுதியவன் நம் ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பெரியம்மா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். உப்புப் போடுகிறவள் யார் என்று அங்கே பெரிய வழக்கே நடந்தது. ஒருத்தி தன் நாத்தனார் என்றாள், ஒருத்தி தன் மாமியார் அச்சு அசல் என்றாள், ஒரு கிழவர் தன் அண்ணியைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். யார் வீட்டுக் கதை என்று தெரியாமல் எல்லார் வீட்டுக் கதையாகவும் ஆகிப்போனது. சந்தேகம் வந்த ஓரிருவருக்கும் வாய்விட்டுக் கேட்க வழியில்லை, வீட்டுக்காரியே சீரியல் என்று சொன்ன பிறகு வேறு யார் என்ன சொல்ல முடியும். நான் மூச்சை விட்டேன். எத்தனை நேரம் பிடித்து வைத்திருந்தேனோ, தலை சுற்றியது. சுவரில் சாய்ந்திருந்த தம்பி மட்டும் நிமிரவே இல்லை.

எல்லாரும் சின்னவளின் கன்னத்தைக் கிள்ளி வாழ்த்திவிட்டுக் கிளம்பினார்கள். அண்ணனும் தம்பியும் அவர்களை வழியனுப்பக் கீழே இறங்கினார்கள். நான் மட்டும் குடித்து முடித்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, இதை வைக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போனேன். பெரியவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் அதே கதவோரம் நின்று, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

தப்பு என்னுடையதுதான், யாருக்கும் கேட்காது என்று நான்தான் சொன்னேன் என்று ஆரம்பித்தேன். பெரியவள் என்னைப் பார்க்காமல், டம்ளரைத் தேய்த்துக்கொண்டே தமிழில் பேசினாள். சின்னவளுக்குச் சொல்ல வேண்டியதை எனக்குச் சொன்னாள்.

"துணி மடிக்கிறது உண்மைதான். இவ மடிச்சா பீரோ மூடாது. உப்பும் உண்மைதான். ஆனா தட்டாம உள்ள வரேன்னாளே, அது பொய். நான் வளையல் சத்தம் பண்ணிக்கிட்டுதான் வருவேன். அது இவளுக்குக் கேட்டதே இல்ல போல."

 தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏதோ இருக்குன்னு தெரியும். ஆறு மாசமா சாப்பிடும்போது அவன் என் முகத்தைப் பாக்கறதில்ல. சோறு போடும்போதெல்லாம் இப்போ சொல்வான், இப்போ சொல்வான்னு பாத்தேன். கடைசியில டிவி சொல்லுது." அங்கே அவள் குரல் இறங்கியது. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "என்ன நோய், என்ன கடன், என்ன பொம்பள விவகாரமோன்னு பயந்து செத்துக்கிட்டிருந்தேன். தனி வீடுதானா? இதுக்கா என் பிள்ளை இப்படி இளைச்சான்?"

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக இருந்தது நிம்மதிதான். என்னுடையதைவிடப் பெரிய நிம்மதி. நான் ஒரே ஒரு நாள் பயந்தேன், இவள் ஆறு மாதமாகப் பயந்திருக்கிறாள்.

"ஆனா ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வேணாம்னு சொல்லுங்க. கேட்டை மூடினா அரைமணி நேரம் திறக்க மாட்டான். அப்புறம் இவன் வேலைக்குப் போன மாதிரிதான். இந்தப் பக்கமே பாக்கச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு ஈரக் கையோடு முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள். "அடுத்த தடவ கூட்டத்துக்கு ஆள் வேணும்னா என்னையும் கூப்பிடுங்க. எனக்கும் பேசறதுக்கு நெறைய இருக்கு."

கதவோரத்தில் சின்னவள் அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள். தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், தமிழ் போதவில்லை. அவர்கள் பாஷைக்குத் தாவினாள். பெரியவள் பாதியிலேயே மறித்தாள். சின்னவள் விடவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒருத்தி பேச்சின்மேல் இன்னொருத்தி ஏறிப் பேசினார்கள், வெகு நாள் பாக்கி. எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, மொழிபெயர்க்கப் பெரியம்மாவும் இல்லை. என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இருந்த ஆசைக்கு அளவே கிடையாது. ஆனாலும் கேட்கவில்லை.

சின்னவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு டம்ளரை எடுத்துக் கழுவி அலமாரித் தட்டில் வைத்தாள். பெரியவள் பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்து மறுபடியும் தண்ணீரில் காட்டினாள். சின்னவள், அவளும் பேச்சை நிறுத்தாமலே, அதை அவள் கையிலிருந்து பிடுங்கித் திரும்பத் தட்டில் வைத்து, யாரும் எடுக்காதபடி உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.